காகிதக் கதவுகளும் கம்மாபுரத்து மாமாவும்

எங்கள் வீட்டில் காகிதத்தில் கதவுகள் செய்த ஆண்டு 1968 என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. அத்தை அறுபத்தேழு என்பார். அப்பா கடைசிவரை அறுபத்தொன்பது என்றே சாதித்தார். ஆனால் முதல் கதவைத் திறந்தது டிசம்பர் ஒன்றாம் தேதி, மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு. இரண்டும் பொருந்திவரும் ஆண்டு அதை ஒட்டி வேறு இல்லை. ஆண்டைப் பிடித்துவிட்டேனே தவிர, அந்த மாதம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது பிடிபட எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அப்போது எனக்கு ஆறு வயது.

அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குப் படம் ஒட்டும் வேலையில் இருந்தார். அம்மா கம்மாபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயக் குடும்பத்துப் பெண். வேதக்காரரை, கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டாள் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் எங்கள் படி ஏறவில்லை, எங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அந்த வருஷம் அம்மா சந்தையில் பார்த்து அண்ணனுக்குச் சொல்லியனுப்பியிருந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து, “கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டு வுட்டிருக்குன்னு சொன்னேன். பாக்கலாம்னு சொல்றாரு உங்கண்ணன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு ‘பாக்கலாம்’தான். அம்மா வீட்டை அலங்கரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

காகித வேலை தெரிந்தவர் அத்தை. அப்பாவின் தங்கை, கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தவர். மூங்கில் சிம்பு கட்டிக் கண்ணாடித் தாள் ஒட்டி நட்சத்திரம் செய்தார். கலர்த் தாளை வளையம் வளையமாகக் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டார். பிறகுதான் அந்த அட்டை. கீழே ஓர் அட்டை, மேலே ஓர் அட்டை. மேலட்டையில் இருபத்துநான்கு சின்னக் கதவுகளை பிளேடால் மூன்று பக்கம் கீறி, ஒரு பக்கத்தை அப்படியே விட்டார். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு படம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஒன்றாகத் திறந்தால் கடைசிக் கதவு திறக்கும் இரவில் பாலன் பிறப்பார்.

படத்துக்கு எங்கே போவது? பட்டறையில் அச்சு பிசகித் தள்ளிய படத்தாள்களை அப்பா கொண்டுவந்து வைத்திருந்தார். கோப்பையில் ஒட்டுகிற ரோஜாக்கள், குருவிகள். அம்மாவும் அத்தையும் அவற்றைக் கத்தரித்து, மைதாப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். காலையில் கல்லை எடுக்கும்போது அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அட கூறு கெட்டதுங்களா! தண்ணி பட்டா இந்தத் தாளு படத்தை வுட்டுடும். அதுக்குன்னே செஞ்சது. நனைச்சுதான கப்புல ஒட்டுறோம்? நீங்க பசையில ஊறவே வெச்சிருக்கீங்க.”

“இதை முந்தியே சொன்னா வாய் வலிக்குமா?” என்றார் அத்தை.

“தூங்குறவன எழுப்பிக் கேக்கணும்.”

உள்ளே படங்கள் எங்கெங்கே வழுக்கிப் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. பிரித்தால் கிழிந்துவிடும் என்று அப்படியே சுவரில் மாட்டினார்கள். முதல் கதவில் ரோஜா இருந்தது. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் குருவியின் வால் மட்டும்.

இங்கேதான் என் குழப்பம் தொடங்கியது. தினமும் காலையில் அம்மா என்னைக் குளிப்பாட்டி, நெற்றி முடியை ஒதுக்கி, அட்டைக்கு முன்னால் நிறுத்தி, “கண்ண மூடிக்கிட்டுத் தொற” என்பாள். பூ வந்தால் அன்றைக்குத் தோசைக்குக் கூடுதல் எண்ணெய். வெறும் அட்டை வந்தால் அம்மாவின் முகம் விழுந்துவிடும். குருவி வந்தால் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் ஏதோ தப்பாகத் திறக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் ஊரில், ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று தெரியாவிட்டால், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அண்ணன் வருவாரா மாட்டாரா என்பதை அம்மா எங்கள் அட்டையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்கு எப்படித் தெரியும்?

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. “அண்ணி, இது ஜெபம் பண்ணித் தொறக்குற கதவு. குறி கேக்குற கதவு இல்ல.”

“நான் எங்க குறி கேட்டேன்? புள்ள தொறக்குது, பாக்குறேன்.”

மார்கழி பிறந்ததும் தொடர்ந்து மூன்று நாள் வெறும் கதவு. நான்காம் நாள், புதன்கிழமை, அட்டைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். அங்கே சைக்கிளைப் பிடித்தபடி பெரிய மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

“அம்மா இருக்குதா பாப்பா? மல்லாட்டை மூட்ட போட மார்க்கெட்டுக்கு வந்தேன். கம்மாபுரத்து மாமன் வந்திருக்கேன்னு சொல்லு. இங்கயே நிக்கிறேன்.”

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவர் திறந்தால் பழி இவருக்கு.

“வாங்க மாமா, கதவு தொறக்கணும்.”

“தொறந்துதான கெடக்குது?”

“இது இல்ல, உள்ள இருக்கற கதவு!” விரலைப் பிடித்து இழுத்தேன். படியருகே ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

அன்றைய கதவைக் காட்டினேன். தடித்த விரலால் திறந்தார். வெறும் அட்டை.

“என்னா பாப்பா, மாமனுக்கு ஒண்ணும் வெக்கலியா?” என்று அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும். நான் கத்துவதற்குள் இருபத்துநான்காவது வரை போய்விட்டார். “இன்னிக்கு ஒண்ணுதான்! ஒண்ணுதான் தொறக்கணும்!” என்று அழுதேன். திரும்பினால் அடுப்படி நிலையில் அம்மா. என் பண்டிகையைப் பாழாக்கியதற்கு மாமாவை அவள் அதட்டவில்லை. அட்டையைப் பார்க்கவே இல்லை.

“வாண்ணே” என்றாள்.

“ம்” என்றார் மாமா. அம்மா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமா அதை வாங்கி, கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வாய் வைத்துக் குடித்தார்.

எங்கள் வீட்டில் யாரும் சொம்பில் வாய் வைக்கக் கூடாது. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். வைத்தால் தலையில் குட்டு. “அம்மா, மாமா எச்சி பண்ணிட்டாரு!” என்றேன், இதற்காவது அவள் ஏதாவது கேட்பாள் என்று. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா சொம்பை வாங்கி, மீதித் தண்ணீரை அதே இடத்தில் நின்று மடக்மடக்கென்று குடித்தாள். “சோறு ஆக்கிட்டேன். சாப்ட்டுதான் போவணும்” என்றாள்.

மாமா சாப்பிட்டார். “போயிட்டு வரேன்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்று மாலை, சட்டம் மாறிவிட்டது என்ற நம்பிக்கையில் நானும் சொம்பில் வாய் வைத்துக் குடித்தேன். நங்கென்று குட்டு விழுந்தது. உச்சியைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு விழாத குட்டு எனக்கு மட்டும் ஏன் விழுந்தது, குட்டிவிட்டு எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.