வடக்கைத் தாண்டாத ஆன்டெனா

அண்ணி பேருந்துக்காகக் காத்திருந்தால் அசையாமல் நிற்க மாட்டாள். அண்ணாந்தபடி மெல்ல மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் நிற்பவர்களும் என்னவோ ஏதோவென்று மேலே பார்ப்பார்கள். கூடப் போகும் நாத்தனாருக்கு மானம் போகும்.

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோ தந்த பழக்கம் அது. அண்ணிக்கு வேலை லிப்ட் பழுதுபார்ப்பது. ஓய்வு கிடைத்தால் மொட்டை மாடிதான். ஒரு கையில் மைக், மறு கையில் மீன்முள் போன்ற ஆன்டெனா. செயற்கைக்கோள் ஒன்று எழுந்து மறையும் கால் மணி நேரத்துக்குள், அது போகும் பக்கமெல்லாம் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, அதன் வழியே யாரோ ஒரு தூர தேசத்துக்காரரோடு பேசிவிடுவாள். இந்த வருடம் தோள்பட்டை மக்கர் செய்தது. தானாகத் திரும்பும் ஆன்டெனா அமையாவிட்டால் ரேடியோவுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

மோட்டாரும் கம்பமும் அண்ணியின் கைவேலை. அதை ஓட்டும் புரோகிராம், வீட்டின் முதல் பட்டதாரியான நாத்தனாருடையது. படித்த படிப்பு எதற்காவது உதவுமா என்று அவளுக்கே சந்தேகம்.

முதல் நாள் மாலை ஆன்டெனா சமர்த்தாகத் திரும்பியது. ஏதோ தீவிலிருந்து ஒருவர் அழைத்தார். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்த நேரம் செயற்கைக்கோள் வடக்கைக் கடந்தது. கம்பத்தில் ஒயர் சுற்றிக்கொண்டு அறுந்துவிடாமல் இருக்க அங்கே ஒரு தடுப்பு இருந்தது. அதைத் தாண்ட முடியாத ஆன்டெனா, தடுப்பின் மறுபக்கத்தை எட்ட வந்த வழியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அதற்குள் செயற்கைக்கோள் மறைந்துவிட்டது.

"வடக்கை யோசிக்கவே இல்ல அண்ணி."

"தடுப்பு வச்சதை நான் மட்டும் சொன்னேனா? அழுது மோட்டாரை நனைக்காத."

"கையில பிடிச்சப்ப, சாட்டிலைட் தலைக்கு மேல வந்தா என்ன பண்ணுவீங்க?"

அண்ணி வலியில்லாத கையால் துடைப்பத்தை ஆன்டெனா போல நீட்டி, நின்ற இடத்திலேயே முதுகை வளைத்து மல்லாந்தாள். மாடியேறி வந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன, வானத்தைப் பெருக்கப் போறியா?"

"உங்களைப் பெருக்கிட்டு அப்புறம் அங்க போறேன்!"

நாத்தனார் புரோகிராமை மாற்றி எழுதினாள். மறுநாள் ஆன்டெனா எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அண்ணியைப் போலவே மல்லாந்து, பின்பக்கமாகச் செயற்கைக்கோளைப் பிடித்தது. செயற்கைக்கோள் வடக்கைக் கடந்தபோது கம்பம் தெற்கைத்தான் கடந்தது; தடுப்பைத் தாண்டும் வேலையே வரவில்லை. தீவுக்காரர் மறுபடி கிடைத்தார். நேற்று ஏன் காணாமல் போனீர்கள் என்று கேட்டார். இன்று என் கை சும்மா இருக்கிறது, எங்கள் வீட்டுப் பெண் பிடித்துத் தருகிறாள் என்று அண்ணி அவரிடம் சொன்னபோது, குரல் லிப்டை விட வேகமாக மேலே ஏறியது.

பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் தபாலில் அட்டை அனுப்புவது ஹாம்களின் மரபு. தீவுக்காரருடைய அட்டை வந்துவிட்டது. அண்ணியுடையது இன்னும் போகவில்லை.

"உன் அழைப்புக்குறியும் அதுல இருக்கணும். முதல்ல லைசென்ஸ் பரீட்சையை எழுதி அந்தக் குறியை வாங்கு, அப்புறம் அனுப்புறேன்."

நாத்தனார் இன்னும் எழுதவில்லை. தீவுக்காரருக்கு அட்டை பாக்கி.