கழுத்துப் பட்டியில் வைத்த துணி

எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தாமலே தொட்டு வேலை பார்க்கும் ஆட்களுக்கு உடுப்பு தைத்து, சோதித்துக் கையெழுத்தும் போடுபவள். சட்டைக் கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு இங்கே வந்தாள். ஸ்டோர்கீப்பரான எனக்கு அடுத்த மேஜை. அவள் ஒட்டுப் போட்ட இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பெருமையை அவளும் மறைத்ததில்லை.

அந்த உடுப்பில் நூலோடு எஃகு இழையும் ஓடும். கம்பியைத் தொட்டால் மின்சாரம் துணியின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். உலோகம் முழுக்கச் சூழ்ந்திருந்தால் உள்ளே மின்புலம் எட்டிப் பார்க்காது. அதற்குத் தலைமூடி முதல் காலுறை வரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் கடத்தாத துணி புகுந்தால் தலை தனி, உடம்பு தனி. இடையில் பொறி பறக்கும். அத்தனை உயரத்தில் கழுத்தில் சுளீரென்றால் எவனுக்குப் பிடி நிற்கும்?

அக்காவின் வீட்டுக்காரருக்கும் அந்த வேலைதான். கழுத்துப் பட்டியில் தலைமூடி உரசி உரசி, ஒரு வாரமாக அவருக்குத் தோல் புண்ணாகிக் கிடந்தது. சோதித்துக் கையெழுத்துப் போட்ட உடுப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. பெண்டாட்டி மனசுக்கு விதியாவது ஒன்றாவது. பட்டியைச் சுற்றி மெத்தென்று பருத்தித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை அக்கா வேறொருவருடைய உடுப்பைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மீட்டரின் ஒரு முனை தலைமூடியில், இன்னொன்று காலுறையில். முள் அசையவில்லை. தலைமூடி பட்டியில் படாமல் விலகியிருந்தது. இழுத்துவிட்டதும் முள் நகர்ந்தது. அக்காவின் முகம் வெளிறிப் போனது. புருஷன் கழுத்தைப் புண்ணாக்கிய அந்த உரசல்தான் மின்சாரத்துக்கு வழி. அந்த வழியை அடைத்துத் தைத்திருந்தாள்.

"ஏறியிருப்பாரே," என்று போனை எடுத்தாள். நான் தடுத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"உண்மையைச் சொன்னா வேலை போயிடும்க்கா. உடுப்பு மாறிப்போச்சு, இறங்கச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"மாறினா என்ன, அளவு சரியாத்தானே இருக்குன்னு வேலையைப் பாக்க விட்டுடுவாங்க. நீ சும்மா இரு தம்பி."

வேலையிடத்தில் இருந்த சூப்பர்வைசரிடம் போனில் ஒரே மூச்சில் சொன்னாள்: "சார், அவரைக் கம்பியைத் தொட விடாதீங்க. கழுத்துப் பட்டியில நான்தான் துணி வச்சுத் தச்சேன். சோதிச்ச பிறகு தச்சேன்."

அந்தப் பக்கம் யாரோ மேலே பார்த்துக் கத்துவது எனக்கே கேட்டது. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"இறங்கிட்டான். கம்பிக்கு ஒரு முழம்தான் பாக்கி இருந்துச்சு," என்றது சூப்பர்வைசரின் குரல். "இனிமே உன் கையெழுத்தை எப்படிம்மா நம்புறது?"

"நம்பாதீங்க சார். இன்னொருத்தரும் பாத்துக் கையெழுத்துப் போடட்டும்," என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது.

வேலை போகவில்லை. ஒரு மாதம் மட்டும் அவளைச் சோதனை மேஜையில் உட்கார விடவில்லை. திரும்பி வந்தபோது, உடுப்புக்கு இரண்டு கையெழுத்து என்று ஆகியிருந்தது. இரண்டாவது யார் என்று மேலதிகாரி கேட்டதற்கு, பொய் சொல்லச் சொன்ன என்னைத்தான் அக்கா காட்டினாள்.

"நான் எதுக்குக்கா?" என்றேன்.

"அன்னிக்கு என்னைத் தடுத்ததை நீ மறக்கமாட்டே. பாக்காம கையெழுத்துப் போடமாட்டே."