பீரோ ஊரைக் கவிழ்த்த கதை

விதோயே பெருனிச்சிச் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்தது, கோச் ராதோய்கோவின் தோட்டத்தில் பிளம்ஸ் திருடப் போய்த்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. கூட வந்தவர்கள் மரத்தில் ஏறிப் பறித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் மதிலுக்கு வெளியே நின்றபடியே உச்சிக்கிளையைக் காலி செய்துகொண்டிருந்தான். தடியோடு ஓடிவந்த ராதோய்கோ அவனை மேலும் கீழும் பார்த்தார். தடியைக் கீழே போட்டார்.

"டேய், உங்கப்பன் உனக்குத் தீனி போடுறானா, உரம் போடுறானா?"

"ரெண்டும் இல்ல. அதான் பிளம்ஸ் பறிக்கிறேன்."

"நாளைக்குக் காலையில ஜிம்முக்கு வந்துடு. வரலைன்னா போலீசுக்குப் போவேன்."

செர்பியாவில் உள்ள வெர்பிட்சா ஊரின் வரலாற்றிலேயே மிகப்பெரிய ஆட்டக்காரன் இப்படித்தான் கிடைத்தான். மிகப்பெரிய என்பது உயரத்தைச் சொன்னது. இரண்டு மீட்டர் பதினொன்று. திறமை பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பந்து அவன் கைக்கு வந்தால் ஈரச் சோப்பாகிவிடும். தடுக்க ஆளே இல்லாமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில்கூட நூற்றுக்கு முப்பதுதான் விழும். மிச்சத்தில் பாதி பலகையைக்கூடத் தொடாது.

ஆனால் அவனுக்கு நிற்கத் தெரியும். தரையில் காலை ஊன்றினான் என்றால் நட்டுவைத்த மாதிரிதான். பந்தோடு ஓடும் குட்டை ஆட்டக்காரன் இவன் இடுப்பை உரசிக்கொண்டு போவான். துரத்திவருகிறவன் இவன் நெஞ்சில் மோதி, வானத்தைப் பார்த்தபடி படுப்பான். குட்டையன் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் தூக்குவான், ஊர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். விதோயேவுக்கு ஊர் வைத்த பெயர் பீரோ.

இருபத்திரண்டு வயதில், ஜகோதாவைக் கல்யாணம் செய்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ராதோய்கோ அவனைக் கூப்பிட்டார்.

"உன்னை வெச்சுக்க இங்க இடமில்லடா. உன்னைவிட ரெண்டு சென்டிமீட்டர் உயரமா ஒருத்தன் கிடைச்சிருக்கான்."

"ரெண்டு சென்டிமீட்டருக்காகவா கோச்?"

"அவன் பந்தையும் பிடிக்கிறான்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜகோதா பக்கத்து வீட்டுக்காரியின் தலையில் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். முடி அலங்காரம் அவள் தொழில். "பந்தையும் பிடிக்கிறானாமா? அப்ப நம்ம பிழைப்பு வெளியூர்லதான். பெட்டியை எடு" என்றாள். அவளுக்கு அது அவ்வளவுதான். அவனுக்கோ கோச்சின் அந்தச் சொல் நெஞ்சில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. என்றைக்காவது ஒருநாள் அதே ஜிம்மில், அதே கிழவன் கண்ணெதிரே ஜெயிக்க வேண்டும். வேறு கோப்பை எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. கிடைக்கவும் இல்லை.

அடுத்த பதினாறு வருடத்தில் ஒன்பது நாடு, பதினான்கு கிளப். போலந்தில் பனியில் ஆடினான், சைப்ரஸில் வியர்வையில் வழுக்கினான். ஜார்ஜியாவில் ஒரு முறை, ஈரானில் ஒரு முறை, ஹங்கேரியில் ஒரு முறை மூக்கு உடைந்தது. முதலில் எந்தப் பக்கம் இருந்தது என்று அவன் அம்மாவுக்கே மறந்துபோனது. எங்கே போனாலும் கதை ஒன்றுதான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டையன் நட்சத்திரமாவான், பெரிய கிளப் அவனை அள்ளிக்கொண்டு போகும். குட்டையன் இல்லாத பீரோ எதற்கு என்று இவனையும் அனுப்பிவிடுவார்கள், எதிர்த்திசையில்.

இவன் ஒவ்வொரு மொழியிலும் சாப்பாட்டின் பெயரையும் கெட்டவார்த்தையையும் மட்டும் கற்றான். ஜகோதா மொழியையே கற்றாள். போன இடமெல்லாம் அடுப்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு, கிளப் ஆட்களின் மனைவிமாருக்கு முடி வெட்டினாள். அதனால் செய்தி முதலில் அவளுக்குத்தான் வரும்.

"உன்னைத் தூக்கப்போறாங்க" என்பாள், சூப்பைக் கிளறிக்கொண்டே.

"யாரு சொன்னா?"

"கோச் பொண்டாட்டி. சாயம் போடும்போது."

"இன்னைக்கு ஆட்டத்துல நல்லா ஆடினா?"

"சாயம் காஞ்சுபோச்சு விதோயே. சாப்பிடு."

முப்பத்தெட்டாவது வயதில், செர்பியாவுக்கே திரும்பி லெஸ்கோவாட்ஸ் ஊருக்கு ஆடினான். சீசனின் கடைசி ஆட்டம் வெர்பிட்சாவில் என்று அட்டவணை சொன்னது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் வெர்பிட்சா முதல் பிரிவில் நீடிக்கும். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். லெஸ்கோவாட்ஸுக்கோ லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. விதோயே ஒருவனுக்குத்தான் அது உலக இறுதிப் போட்டி.

ஞாயிறு மதியம் ஜிம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் அவன் மாமியார் ஸ்தானோய்கா, வெர்பிட்சாவின் பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாப்ள! வந்தது வந்துட்ட, வாசல் பக்கமா நில்லு, குளிர்காத்து உள்ள வராம இருக்கும்!" என்று அவள் கத்தியதும் ஜிம்மே சிரித்தது. பக்கத்தில் ஜகோதா முகத்தை மூடிக்கொண்டாள்.

எட்டு நொடி மீதி. வெர்பிட்சா ஒரு புள்ளி முன்னே. கூடைக்கு அடியில் நின்ற விதோயே கைக்குப் பந்து எப்படியோ வந்து, அதிசயமாக நழுவாமல் நின்றது. ராதோய்கோ பெஞ்சிலிருந்து அலறினார்: "அடிங்கடா அவனை! ஃப்ரீ த்ரோ போடட்டும், எனக்குத் தெரியும் அவனை!" இரண்டு பேர் அவன் கையில் தொங்கினார்கள். நடுவர் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்.

முதலாவது வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அவன் காது மடல் சிவந்துபோனது. பதினாறு வருட ஆசை கையில் இருந்தது. கை எப்போதும் போலவே இருந்தது. இரண்டாவது வளையத்தில் 'டங்' என்று மோதி மேலே எழும்பியது. அது இறங்குவதற்குள் விதோயே இரண்டடி முன்னே போய், முழங்கையை அகட்டி, காலை ஊன்றினான். பந்துக்குப் பாய்ந்த வெர்பிட்சாக்காரர்கள் இரண்டு பேர் அவன் மேல் மோதிச் சரிந்தார்கள். அவன் அக்குளுக்குக் கீழே புகுந்து வந்த லெஸ்கோவாட்ஸ் குட்டையன் பந்தைப் பிடித்துக் கூடையில் போட்டான். மணி அடித்தது. ஒரு புள்ளியில் வெர்பிட்சா தோற்றது.

"ஃபவுல்! அது ஃபவுல்!" என்று ராதோய்கோ தொப்பியை மிதித்தார். நடுவர் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

விதோயே நடு ஆடுகளத்தில் இரண்டு கையையும் தூக்கினான். அவனோடு சேர்ந்து கைதூக்க யாருமில்லை. குட்டையனைத்தான் தோளில் சுமந்துகொண்டிருந்தார்கள்.

ஊரைக் கவிழ்த்தவன் கோடைக்கு அந்த ஊரிலேயே வந்து குடியிருக்க வேண்டியிருந்தது, வீடு அங்கேதானே. ரொட்டிக்கடையில் அவனுக்கு மட்டும் நேற்றுச் சுட்ட புரெக் அப்பம் வந்தது. மெக்கானிக் அவன் காரைப் பார்த்ததும் மூன்று வாரம் ஆகும் என்றான். டயரில் காற்றடிக்கத்தான் போயிருந்தான். ஸ்தானோய்கா பதினேழு நாள் அவனோடு பேசவில்லை. அந்தப் பதினேழு நாளை வாழ்க்கையின் பொற்காலம் என்று அவன் ஜகோதாவிடம் சொன்னது எப்படியோ கிழவியின் காதுக்குப் போனது. பதினெட்டாம் நாளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜூலையில் ராதோய்கோவே வீட்டு வாசலில் வந்து நின்றார். மீசை முழுக்க வெளுத்திருந்தது.

"ரெண்டாம் பிரிவுல ஆட எவனும் வரமாட்டேங்கிறான். நீதானே இறக்கிவிட்ட? நீயே ஏத்திவிடு."

"ரெண்டு சென்டிமீட்டர் கம்மியாச்சே கோச்."

"இப்ப நாலு கம்மி. கூன் போட்டுட்ட. ஆடுவியா மாட்டியா?"

விதோயே உள்ளே போய் ரக்கியா சாராயப் புட்டியும், ஜகோதாவுக்கும் சேர்த்து மூன்று சின்னக் கிண்ணமும் எடுத்துவந்தான். கிழவன் குடித்துவிட்டு, "அந்த நெட்டையன் நல்லா பந்து பிடிச்சான். ஆனா நிக்கத் தெரியல" என்றார். மன்னிப்பு என்று அந்த வாயிலிருந்து வரக்கூடியது அவ்வளவுதான். விதோயே இன்னொரு கிண்ணம் ஊற்றினான்.

அந்த சீசன் முழுக்க, பள்ளிக்கூட ஜிம்களில், முட்டியில் இரண்டு பட்டி கட்டிக்கொண்டு ஆடினான். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் பிரிவு. மூன்றாவது கால்பகுதியிலேயே ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினான். அப்போது வெர்பிட்சா ஆறு புள்ளி பின்னே. பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அணியின் மற்றவர்கள் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

"பீரோவை நகத்தினாதாம்ப்பா வீட்டுல இடம் கிடைக்குது!" என்றான் ரொட்டிக்கடைக்காரன்.

ஸ்தானோய்கா துண்டைச் சுருட்டி அவன் தலையில் ஒன்று போட்டாள். "என் மாப்ள நாலு பேரை நொண்டியாக்கிட்டுதான் வெளிய வந்தான். நொண்டிங்களை ஜெயிச்சுட்டுப் பேசுறியா நீ?"

ஆகஸ்டில் ஏஜென்ட்டின் போன் வந்தது. மால்டாவில் ஒரு கிளப்புக்கு உயரமான ஆள் வேண்டுமாம், வயதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லையாம். விதோயே தலையை ஆட்டி வேண்டாம் என்று சைகை காட்டினான். பதினேழு வருடத்தில் முதல் முறையாக அவன் நட்ட மிளகாய் அவன் கண்ணெதிரே சிவந்துகொண்டிருந்தது. போனில் பேசிக்கொண்டிருந்த ஜகோதா அதைக் கையால் பொத்தினாள்.

"முட்டி வலிக்குதுடி" என்றான்.

"முட்டி எதுக்கு உனக்கு? நிக்கத்தானே போற. இந்த ஊர்ப் பொம்பளைங்க தலையெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு விதோயே. ஒருத்திகூடப் புதுசா எதுவும் சொல்றதில்ல."

செப்டம்பரில் போனார்கள். ஆறு ஆட்டம் ஆடினான், ஏழாவதில் முட்டி ஒரேயடியாகப் போனது. கிளப் அவனுக்கு ஒரு பூங்கொத்தும் ஊர் திரும்ப விமான டிக்கெட்டும் கொடுத்தது. ஜகோதா தன் சீசன் முடியாமல் வர முடியாது என்று சொல்லிவிட்டாள். கடலோரத் தெருவில் அதற்குள் அவளுக்குப் பதினெட்டு வாடிக்கைக்காரிகள் சேர்ந்திருந்தார்கள்.