புது மாப்பிள்ளையின் நுளம்பு வலை

மீரான் போய்விட்டான். இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, மருதமுனையில், அவனுடைய வீட்டில்...

செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போன வெள்ளிக்கிழமை கூட ஃபோனில் என்னோடு சண்டை பிடித்தவன். "ஒனக்கு முதல் நான் போக மாட்டன் மச்சான்" என்று சொன்னவன். பொய்க்காரன்.

இதை வாசிக்கிற பலருக்கு அவனைத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில், குளம் றோட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கொந்தராத்துக்காரரின் கராஜில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். எஞ்சின் என்னுடையது, ஹைட்ராலிக் வால்வு அவனுடையது. அவனுடைய வேலையில் நான் கை வைத்தால் கையைத் தட்டிவிடுவான்.

அந்த வருசம் சவளக்கடை ஊருக்கு அங்கால் ஒரு குளம். புது மதகு போடுவதற்காகக் குளக்கட்டை வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். மண்ணள்ளி மூட இருந்தது ஒரேயொரு லோடர்.

மாரி தொடங்கப் போகிற நேரத்தில் அந்த லோடர் படுத்துவிட்டது. பக்கெட்டைத் தூக்கி லீவரை விட்டால் நிற்காது, தன்பாட்டுக்குக் கீழே இறங்கும். கன்ட்ரோல் வால்வுக் கோளாறு.

மழைக்கு முதல் குளக்கட்டை மூடாவிட்டால் தண்ணீர் வெட்டு வழியாகப் பாய்ந்து கீழே விதைத்திருந்த வயலையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அதில் ஒரு துண்டு, மீரானுக்குக் கலியாணம் கட்டிக் கொடுத்தபோது பெண்ணுக்கு எழுதிய வயல். கலியாணம் முடிந்து ஒரு கிழமை கூட ஆகவில்லை.

குளக்கட்டிலேயே மீரான் வால்வைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். கொஞ்ச நேரம் வேலை செய்தது... திரும்பவும் இறுகியது. மறுபடி கழற்றினான். மறுபடியும் அதே கதை.

முதலாளி சொன்னார், "விடு மீரான், கொழும்பில இரிந்து புது வால்வு வரட்டும்."

"வால்வு வரும் முதலாளி. அதுவரைக்கும் மழைய நிக்கச் சொல்லுவீங்களா?"

மூன்றாம் முறையும் திறந்தான். அந்த வால்வுக்குள் ஸ்பூல் என்று விரல் தடிமனில் ஒரு உருக்குத் தண்டு ஓடும். தண்டுக்கும் துவாரத்துக்கும் நடுவில் ஒரு தலைமயிர் கூடப் போகாது. அதை வெயிலுக்கு நேரே பிடித்துக் கன நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"மச்சான், நம்மட மருதமுனையே உள்ளுக்க இரிக்கி."

பச்சை நிறத்தில் பூப்போல ஒரு நூல் தும்பு!

மருதமுனை நெசவு ஊர். எங்கள் பக்கத்து கராஜ்களில் எதைத் துடைப்பதென்றாலும் தறியில் விழுகிற கழிவு நூல்தான். சாக்குச் சாக்காய்ச் சும்மா கிடைக்கும். எஞ்சினுக்கு அது போதும், வால்வுக்கு அது நஞ்சு. ஒவ்வொரு முறையும் நன்றாகத் துடைத்துத் துடைத்து நாங்களே அதை இறுக வைத்திருக்கிறோம்.

இனித் துணி கூடாது. டீசலில் கழுவிக் காற்றிலேயே காய விட வேண்டும். ஆனால் குளக்கட்டில் காற்றடித்தால் செம்மண் தூசி... மீரான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது கரியரில் ஒரு வெள்ளை நுளம்பு வலை. கலியாணக் கட்டிலில் கொசுவுக்காகக் கட்டியிருந்த, லேஸ் வைத்துத் தைத்த வலை! நாலு கம்பு நட்டு அதைக் கட்டி, வால்வோடு உள்ளே போய்க் குந்திக்கொண்டான். எனக்கு ஒரேயொரு கட்டளை, "கையக் கழுவிட்டு வலையத் தூக்கு."

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். புது மாப்பிள்ளை பகலில் வந்து, யாரோடும் கதைக்காமல், கட்டில் வலையை அவிழ்த்துக்கொண்டு போனால் அந்தத் தெரு என்ன நினைக்கும்? கொஞ்ச நேரத்தில் ஒரு ஹயரிங் கார் வந்து நின்றது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மாமியார் இறங்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மருமகன், எங்கட புள்ளையில என்ன குறை கண்டீங்க?"

மீரான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மாமி, ஒங்கட மகள்ற வயல் இந்தக் கட்டுக்குக் கீழதானே?"

"ஓம்..."

"அப்ப கிட்ட வராதீங்க. சாறியில இரிந்து தும்பு பறக்கும்."

நான் சிரிப்பை அடக்க லோடருக்குப் பின்னால் ஓடிவிட்டேன். எட்டிப் பார்த்தபோது மாமியார் ஒரு கல்லைத் தூக்கி வந்து, காற்றில் எழும்பிய வலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கல்.

அன்று பின்னேரம் பக்கெட் தூக்கினால் தூக்கின இடத்தில் நின்றது. கடைசி மண்ணை அமர்த்தும்போதே மழை பிடித்துவிட்டது. கட்டு தாங்கியது.

அதற்குப் பிறகு வலை இல்லாமல் அவன் வால்வு திறந்ததில்லை. ஒருநாள் முதலாளியே சிகரெட்டோடு வலையைத் தூக்கப் போய், "வெளிய நில்லுங்க!" என்று ஏச்சு வாங்கினார். நல்ல மனிதர், வெளியேதான் நின்றார். கலியாண வலையில் பட்ட எண்ணெய்க் கறை கடைசி வரை போகவில்லை என்று மீரானின் மனைவி எத்தனையோ முறை சொல்லிக்காட்டியிருக்கிறார்.

இன்று நான் போனபோது ஈ மொய்க்காமல் மீரானின் மையித்துக்கு மேலே வலை போட்டிருந்தார்கள். புது வலைதான். முகம் பார்க்க ஓரத்தைப் பிடித்தேன்... மூத்த மகன் வந்து மெதுவாக என் கையைத் தொட்டான்.

"சாச்சா, உம்மா சொல்லச் சொன்னா... கையக் கழுவிட்டுத் தூக்கட்டாம்."

பைப்படிக்குப் போனேன். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். அங்கே நின்றுதான் அழுதேன். துடைக்கத் துவாயை நீட்டினார்கள், வாங்கவில்லை. கை காயும் வரை நின்றுவிட்டு வந்து வலையைத் தூக்கினேன்.

போய் வா மச்சான். உன்னுடைய கப்றுக் குழியில் ஒரு தூசியும் படாமல் படைத்த ரப்பு பார்த்துக்கொள்ளட்டும்.