இருபது கட்டத்துக்குள் அடங்காத பெயர்

எழுபதுகளில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பஞ்ச் கார்டு அடிக்கும் வேலை எனக்கு. தொழிலாளி ஒருவருக்கு ஒரு அட்டை. அட்டையில் எண்பது கட்டங்கள்; ஓர் இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு கட்டம், அதில் போடும் துளைகளைக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். அதில் பெயருக்கு இருபது. மூன்றெழுத்துப் பெயர்க்காரருக்கும் இருபதுதான், மிச்சம் காலியாகக் கிடக்கும். பெயர் நீண்டால் இருபதோடு நிறுத்திவிடச் சொல்லியிருந்தார்கள். நானும் யோசிக்காமல் நிறுத்தினேன்.

அந்த அட்டைகளிலிருந்து அச்சான முதல் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு தொழிற்சாலைக் கேட்டின் காவல் அதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். இரண்டு வரிகளில் ஒரே பெயர். நம்பர் மட்டும் வேறு. ஒருவன் காலை ஷிப்ட், இன்னொருவன் மதிய ஷிப்ட். ஒரே ஆள் இரண்டு நம்பரில் வந்து போகிறான் என்று அவர் முடிவுகட்டி, மதிய ஷிப்ட்காரனைக் கேட்டிலேயே நிறுத்திவைத்திருந்தார். அவன் ராயபுரம். நானும் ராயபுரம், அதே மாதா கோயில். அதையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அவன் உனக்கு என்னம்மா வேணும்?"

யாருமில்லை என்றேன். அவனுக்காக இரண்டாவது அட்டையை நான்தான் அடித்துக் கொடுத்தேன் என்பதுபோல என் கையையே பார்த்தார். போகும்போது என் மேஜைச் சாவியை வாங்கிக்கொண்டார். பக்கத்து இருக்கைப் பெண் அன்று என்னோடு சாப்பிட வரவில்லை.

எனக்கே சந்தேகம் வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு முறை அடித்துவிட்டேனோ? இரண்டு அட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பெயர்க் கட்டங்களில் ஒரு துளைகூட விலகவில்லை.

பிறகுதான் கையால் எழுதிய விண்ணப்பங்களைத் தேடி எடுத்தேன். குடும்பப் பெயர், தகப்பன் பெயர், கடைசியில் சொந்தப் பெயர் என்று இரண்டிலும் எழுத்துகள் ஓரத்தில் இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன. அண்ணன் தம்பி. வித்தியாசமே இருபதாவது எழுத்துக்குப் பிறகுதான் தொடங்கியது.

அதிகாரி அதை நம்பவில்லை. விண்ணப்பத்தை எழுதியவனே அவன்தானே என்றார். இருவரையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஷிப்ட் மாறும் நேரத்தில், கேட்டருகே, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முகம் ஒரே அச்சு. தம்பிக்கு மட்டும் பாக்ஸிங்கில் உடைந்த மூக்கு.

"இவரு என் அண்ணன் சார். நான் வேற ஆளு," என்றான் தம்பி.

அதிகாரி இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தம்பியை உள்ளே விட்டார். சாவி மறுநாள் என் மேஜைமேல் கிடந்தது.

கட்டங்களைக் கூட்ட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சொந்தப் பெயரை முன்னால் போட்டு அட்டைகளைத் திரும்ப அடித்தேன். பெயர் எத்தனை எழுத்தோ அத்தனைக்கே இடம் எடுத்து, நீளத்தையும் கூடவே குறித்துக்கொள்ளும் டேட்டாபேஸ்கள் வெகுகாலம் கழித்துத்தான் என் கைக்கு வந்தன. மாறாத நீளத்தில் வைக்கும் வழியும் அவற்றில் இருந்தது; எப்போதும் ஆறு இலக்கமான பின்கோடுக்கு அது போதும். பெயருக்கு அதைப் போட யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டதில்லை. நீளம் மாறலாம் என்றாலும் டேட்டாபேஸ் ஓர் உச்ச அளவு கேட்கும். அந்த எண்ணையும் இரண்டு முறை விசாரிப்பேன்.

அட்டையைத் திரும்ப அடித்த அன்று தம்பி எங்கள் ஜன்னலுக்கு வந்து தன் அட்டையைக் காட்டச் சொன்னான். எடுத்து, பெயரைப் படித்துக் காட்டினேன்.

"வெறும் ஓட்டைதான் கீது. நீ படிக்கிறது இதுல கீதுன்னு நான் எப்டிக்கா நம்புறது?"

அந்த ஓர் அட்டையை மெஷினில் கொடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.