அம்மன் ஏறிய பெட்டி

இலட்சுமிப்பிள்ளையைக் கோபக்காரி என்று சொல்லாத தமிழர் பலெர்மோவில் குறைவு. சொல்பவர்கள் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். அவளுக்குச் சும்மா கோபம் வருவதில்லை. மற்றவர்கள் பாடுபட்டு வரவழைக்கிறார்கள்.

அவளுக்கு வேலை மொண்டெல்லோக் கடற்கரையில். கோடை வந்தால் அங்கே மணலில் வரிசையாக மரக் கொட்டில்களைப் போட்டு, உடுப்பு மாற்றவும் சாப்பிட்டுச் சாயவும் வாடகைக்கு விடுவார்கள். அவற்றைக் கூட்டித் துடைப்பது அவள். கடல் நீலமாக விரிந்து கிடக்கும். அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்தவர் பிள்ளைகள் சிந்திய ஐஸ்கிரீமைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். போர் முடிந்து வன்னியிலிருந்து வந்து சேர்ந்த காலம் தொட்டு, தன் மகளோடும் மகனோடும் ஒரு கோடையாவது கடலில் இறங்கி நின்றது கிடையாது. ஊரே லீவில் போகும்போதுதான் அவளுக்கு இடுப்பு முறியும். கணவன் கோபாலசிங்கத்துக்கு சியாகுல்லியில் மந்தரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. அங்கே பழம் பிடுங்குவது குளிர்காலத்தில். கோடையில் அவன் சும்மா, குளிரில் இவள் சும்மா. நல்ல பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்தார்கள்!

அந்தத் தோட்டத்தில் காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்னப் பெட்டிவண்டி ஒன்று கிடந்தது. ஆட்டெருவும் பழக்கூடையும் ஏற்றி ஏற்றி அடித்தட்டு உக்கிப்போய், பழைய இரும்புக்குப் போகவிருந்த சாமான். தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து வீட்டின் பின்முற்றத்தில் விட்டான் கோபாலசிங்கம். அதில் மண் நிரப்பிக் கத்தரிக்காய் நடுவது அவன் திட்டம். இவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுக்குள்ளை பிள்ளையளும் நானும் படுக்கலாம்."

"அப்ப நான்?"

"நீங்கள் கூடாரத்திலை. கத்தரிக்காய் நட நினைச்ச ஆளுக்கு அது காணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பெட்டியோடுதான் கிடந்தாள். கடற்கரையில் கழித்துப் போட்ட பழைய கொட்டில் கதவுகளை முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்து அடித்தட்டும் சுவரும் அடித்தாள். மேலே கூரை, பக்கத்தில் பழைய கரவன் வண்டியிலிருந்து கழற்றிய சின்ன யன்னல். பின்கதவைக் கீழே இறக்கினால் சமையல் மேசையாகிவிடும். காஸ் அடுப்பு வைத்து நின்றபடியே சமைக்கலாம். ஒவ்வொரு திருகாணித் தலையிலும் மழை இறங்காமல் சிலிக்கோன் பூசினாள். சில்லைக் கழற்றிப் பூட்டும் வித்தையைப் படித்தது யூடியூப்பில். காட்டிய மனிதர் என்ன மொழி பேசினார் என்று இன்றைக்கும் தெரியாது. அவருடைய கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முதற்பயணம் மதோனியே மலைப்பக்கம், இரண்டு இரவுக்கு. அந்த இரண்டு இரவுக்குக் கோபாலசிங்கம் ஒரு மூட்டை அரிசி, இடியப்ப உரல், தேங்காய் துருவுகிற பலகை, ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் கொண்டுவந்து பெட்டியின் வால்பக்கம் அடுக்கினான். தமிழனுக்கு வெளிக்கிட்டால் பாதி வீடு கூட வரவேண்டும். பின்பாரம் கூடிய பெட்டி பெருந்தெருவில் இடமும் வலமும் ஆடத் தொடங்க, பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. தெருவோரம் நிறுத்தி, அரிசி மூட்டையைச் சில்லுக்கு நேர்மேலே இழுத்து வைத்தபோது அவள் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

ஆனாலும் போய் வந்தார்கள். ஒவ்வொரு முறை வந்ததும் பெட்டியைக் கழுவுவாள், பேரிங்கில் கறுத்துப்போன கிறீஸைத் துணியால் வழித்துவிட்டு உள்ளங்கையால் புதுக் கிறீஸை அழுத்தி ஏற்றுவாள், யன்னலைச் சுற்றி எங்கே ஒழுகுகிறது என்று வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். வீட்டில் வேறு எந்தப் பொருளையும் அவள் இப்படித் தாங்கியதில்லை, கோபாலசிங்கம் உட்பட.

இந்த வருடம் அந்தப் பெட்டியில் கடலுக்குப் போவது என்று முடிவு. சான் வீத்தோப் பக்கம், மணலுக்குக் கிட்டவே கூடாரம் போடுகிற இடம். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால், செப்டெம்பர் தொடக்கத்தில் நாலு நாள் லீவு. அதற்காக வைகாசியிலிருந்தே முதலாளியின் பின்னால் திரிந்தாள். அந்த ஆள் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவது போலத்தான் ஓம் சொன்னான். முதல் தடவையாகத் தன் பிள்ளைகளோடு கடலைப் பார்த்து இருக்கப்போகிற நாலு நாள். சமையல் மேசையில் மீன் பொரிப்பது வரைக்கும் மனதுக்குள் செய்து பார்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தால், பின்முற்றத்தில் கோபாலசிங்கமும் கோயில் ஆட்கள் இரண்டு பேரும் பெட்டியின் கூரையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன நடக்குது இஞ்சை?"

கோயில் ஆட்கள் இருவருக்கும் உடனே வேறு எங்கோ பார்க்கவேண்டிய அவசரம் வந்தது. கோபாலசிங்கம்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அம்மன் தேர். போன வருடம் சந்தையில் இரவல் வாங்கிய தள்ளுவண்டி நடுச்சந்தியில் சில்லுக் கழன்று, அம்மன் சரிந்து, ஊரே பார்த்தது. இந்த முறை கோயில் தலைவர் மார்க்கண்டு அண்ணை பெட்டியைக் கேட்டாராம். ஒரு நாளைக்குத்தானாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிலிக்கோன் பிய்ந்து கிடந்தது. பார்த்துப் பார்த்து அடித்த சுவர்ப் பலகைகள் மதிலில் சாய்ந்து நின்றன. அம்மன் காரியம் என்பதால் மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மற்றப் பெண்கள் எல்லாரும் கோயிலில் மரக்கறி வெட்டப் போனார்கள். அவள் போகவில்லை. அம்மன் இந்த முறையும் நடுச்சந்தியில் நின்றால் பழி தன் பெட்டியின் தலையில்தான் விழும் என்று, முற்றத்தில் தனியே வண்டிக்குக் கீழே படுத்திருந்து சில்லுகளைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேர் போனபோது தெருவின் மறுகரையில் நின்று பார்த்தாள். கோயில் பெடியன்கள் பெட்டியின் ஓரமெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு அடித்திருந்தார்கள். அதைப் பார்த்து வயிறு எரிந்தது. ஆனால் பூவும் விளக்குமாக அம்மன் ஏறியிருக்க, ஒரு கிறீச் சத்தமில்லாமல் சில்லுகள் உருண்டபோது கண் நிறைந்ததும் உண்மை.

திங்கட்கிழமை பெட்டியை எடுத்துவரப் போன கோபாலசிங்கம் வெறுங்காரோடு திரும்பி வந்தான். வந்தவன் சப்பாத்தைக் கழற்றுவதற்கே வெகுநேரம் எடுத்தான்.

"எங்கை பெட்டி?"

"அது... அம்மன் ஏறின வண்டியாம். இனி அதிலை ஆக்கள் படுக்கக் கூடாதாம். மீன் மச்சம் சமைக்கக் கூடாதாம். வீட்டிலை குமர்ப்பிள்ளையும் இருக்கு, துடக்கு, தீட்டு எண்டு வரும், கோயிலுக்கே விட்டிடுங்கோ, புண்ணியம் எண்டு மார்க்கண்டு அண்ணை..."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவன் கழற்றிய சப்பாத்தைச் சுவரோரம் ஒழுங்காக அடுக்கத் தொடங்கினான். அதாவது ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

இவ்வளவு நேரமும் குசினி வாசலில் மகள் சயந்தினி நின்றாள். பதினான்கு வயது. குமர்ப்பிள்ளை என்றதும் அவள் பார்வை தரைக்குப் போனது. பிறகு சத்தமில்லாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டி போனதைக் கூட இலட்சுமிப்பிள்ளை பொறுத்திருப்பாளோ என்னவோ. அந்தக் கதவு சாத்தியதை அவளால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் தாய் வேலைக்காரி என்பதால் இந்தப் பிள்ளைக்குக் கடல் இல்லை. இனி, பெண்ணாகப் பிறந்ததால் இல்லையாம். எந்த ஊர் நியாயம் இது?

அடுத்த நாள் வேலை முடிந்த கையோடு கணவனையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கோயில் என்றால் கோபுரம் இல்லை, வாடகைக்கு எடுத்த பழைய களஞ்சியம். வாசலோடு பெட்டி நின்றது. மார்க்கண்டு அதன் ஓரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இரண்டு பேரோடு கதைத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. யாருக்காவது விசாச் சிக்கல் என்றால் கூடவே போய் நிற்கிற மனிதர். அவருடைய பிழை, தான் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்று பழகிப்போனதுதான்.

"வா தங்கச்சி. எழுத்தைப் பார்த்தனியே?"

அவளுடைய சமையல் மேசையில், பின்கதவு நிறைய, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: உபயம், கோபாலசிங்கம் குடும்பம்.

"உபயம் எண்டால் தாறது. நாங்கள் எப்ப தந்தனாங்கள், அண்ணை?"

"அம்மன் தானாத் தேடி வந்து ஏறினவ. இதைவிட என்ன பாக்கியம் வேணும்?"

"தேடி வந்தது நீங்கள். அவவை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்? முந்தி இதிலை ஆட்டெரு ஏத்தினது. அப்ப அவ ஒண்டும் சொல்லேல்லையே."

"அது ஏற முந்தி. இனி அப்பிடி இல்லைப் பிள்ளை." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொம்பிளையள் இருக்கிற வீடு. அந்த நாளிலை இதிலை ஏறிப் படுத்தால் ஆருக்குக் கூடாது? உங்களுக்குத்தான். நான் உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

காருக்குப் பக்கத்தில் நின்ற சயந்தினியின் முகம் சிவந்து கவிழ்ந்தது. இலட்சுமிப்பிள்ளை அதைப் பார்த்தாள். வீட்டில் ஒரு தரம் போதாது, இங்கே ஆண்களுக்கு நடுவில் இன்னொரு தரமா? அதற்குப் பிறகு அவளுக்கு வெட்கமும் இல்லை, தலைவர் என்ற மரியாதையும் இல்லை.

"அண்ணை, தேருக்கு முதல் இந்தச் சில்லுகளைக் கழட்டிக் கிறீஸ் போட்டது ஆர்?"

"ஏன், தம்பிதானே?"

"அவருக்கு ரயருக்குக் காத்தடிக்கவும் தெரியாது. போட்டது நான். வெள்ளிக்கிழமை எனக்கு ரெண்டாம் நாள். அதாலைதான் மரக்கறி வெட்ட வரேல்லை, ஞாயிற்றுக்கிழமையும் தெருவுக்கு அங்காலை நிண்டனான். ஆனால் இந்த வண்டிக்குக் கீழை கிடந்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் தொட்டுத் துடைச்சது இந்தக் கைதான். அதுக்கு மேலைதான் உங்கடை அம்மன் ஏறி ஊரெல்லாம் சுத்தி வந்தவ. சில்லு நிக்கேல்லை. அவவும் இறங்கேல்லை."

மார்க்கண்டு பெட்டியில் ஊன்றியிருந்த கையை மெதுவாக எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எடுத்திட்டியள், பாருங்கோ!" என்றாள் அவள். "அப்ப துடக்குப்பட்ட சாமான் கோயிலுக்கு எதுக்கு? நாங்கள் கொண்டு போறம்."

மார்க்கண்டு வழக்கம்போலக் கோபாலசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீயாவது சொல்லு."

கோபாலசிங்கம் மனைவியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தான். பிறகு காரில் ஏறிப் பின்னுக்கு எடுத்துவந்து பெட்டிக்கு நேரே நிறுத்தினான்.

"அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ. கொளுவவேணும்."

மறுநாளே லீவு தொடங்கியதால் கூரையைத் திரும்பப் பூட்டி, சிலிக்கோன் பூசிக் காயவிட நேரம் இருக்கவில்லை. சுவரை மட்டும் பூட்டி, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். கோயிலில் பரிகாரம் செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். செய்யட்டும். கடலில் முதல் நாள் அவள் உடுத்த உடுப்போடே இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபாலசிங்கம் உபயத்தின் மேல் அடுப்பை வைத்து மீன் பொரித்தான். கருக்கிவிட்டான். யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கோபாலசிங்கமும் மகனும் தண்ணீரில் நின்றார்கள். சயந்தினி மட்டும் பெட்டிக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தாள். உள்ளே நிழல் இருந்தது, மெத்தை விரித்திருந்தது.

"ஏன் இஞ்சை இருக்கிறாய்? உள்ளை போய்ப் படன்."

பிள்ளை பெட்டியின் சிவப்பு வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தது.

இலட்சுமிப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அவ்வளவு சண்டை பிடித்துப் பெட்டியைக் கொண்டுவந்தும், அந்த மார்க்கண்டு என் பிள்ளையை வெயிலில் இருத்தி வைத்திருக்கிறானே என்று நெஞ்சு கொதித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

"எழும்பு."

"அம்மா, எனக்கு இண்டைக்கு..."

"தெரியும். ஏறு."

சயந்தினி ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு தாயின் கையைப் பிடித்து எழுந்து, பெட்டிக்குள் ஏறிப் படுத்து, காலை நீட்டினாள்.