கை தூக்காத ராசாத்தி

ராசாத்தியின் கால் விரல்கள் மடங்கியதைப் பார்த்ததும் டிரில்லை வெளியே எடுத்துவிட்டேன்.

ஏற்காட்டில் நான் பல் கிளினிக் தொடங்கிய முதல் மாதம் அது. ராசாத்தி வெள்ளக்கடைப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். வலது பக்கக் கடைவாய்ப் பற்களை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று. மெல்லுவதற்கு மிஞ்சியது இடது கீழ்க் கடைவாயில் ஒன்றுதான். அதிலும் சொத்தை நரம்பு வரை இறங்கி, உள்ளே கிருமி புகுந்திருந்தது.

"மூணு நாளாக் கண்ணு மூடலீங்க. இதையும் புடுங்கிப் போட்டுருங்க சார்" என்றுதான் வந்தார்.

"புடுங்கிட்டா எதுலீங்க மெல்லுவீங்க? ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்திரலாம். வலிக்காதுங்க, நான் பொறுப்பு" என்று மார்தட்டினேன்.

ஊசி போட்டேன். உதடு மரத்துவிட்டதா என்று கேட்டதற்கு "ஆச்சுங்க" என்றார். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னேன். தலையாட்டினார். டிரில் ஓடியது, கை எழவே இல்லை. எனக்கு ஒரே பெருமை! எங்கள் கிளினிக்கில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். அதனால்தான் அந்த வெறுங்கால் கண்ணில் பட்டது. பத்து விரலும் இறுகியிருந்தன.

"ஏனுங்க, கையைத் தூக்கியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க வேலையா இருக்கறப்பக் குறுக்க கையை நீட்டுனா மரியாதையா இருக்குமுங்களா சார்?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெட்கமாகப் போய்விட்டது. உதடு மரத்தால் பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. புண்பட்ட நரம்பில் மருந்து சுலபமாகப் பிடிக்காது. கல்லூரியில் படித்த பாடம்தான். பல்லைச் சோதிக்காமல் கை வைத்தது என் தப்பு.

மறுபடி ஊசி போட்டு, பல்லின் வேரோரத்திலும் மருந்து ஏற்றிக் காத்திருந்தேன். குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தேன். கால் விரல்கள் அசையவில்லை. ஆனாலும் உள்ளே நரம்பைத் தொடும்போது வலிக்கலாம். கையைத் தூக்கத் தயங்குவதற்கு என் உதவியாளர் செல்வி வழி சொன்னாள்.

"என்ற கையப் புடிச்சுக்கங்கக்கா. வலிச்சா அமுக்குங்க. எங்கிட்ட என்ன மரியாதை?"

இந்த முறை நானும் உண்மையைச் சொன்னேன். "நரம்புக்குள்ளயே ஒரு சொட்டு மருந்து போடறனுங்க. ஒரு நொடி சுருக்குனு இருக்கும். அப்பறம் இருக்காது."

செல்வியின் கையில் ஒரே ஒரு அமுக்கு. அவ்வளவுதான்! கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

கெனால்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது செல்வி கிசுகிசுத்தாள். "சார், அக்கா தூங்கிட்டாங்க!"

வாயில் வைத்த ரப்பர் கட்டையைக் கடித்தபடி மெல்லிய குறட்டை! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

இன்று என்னிடம் வேலை பழக வரும் டாக்டர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். வலிக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் பதிலை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பல்லைச் சோதியுங்கள், காலையும் பாருங்கள்.

அன்று தற்காலிகமாகப் பல்லை அடைத்துவிட்டு எழுப்பினேன். ராசாத்தி பதறி விழித்து, செல்வியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க சார், நான் தயாருங்க. ஆரம்பிங்க."